புட்சர் கடையில் சுத்த சைவம்

லூயிஷாம், லண்டன்
12.02.1989

மரியாதைக்குரிய அருட்பிரகாசம் அத்தானுக்கு, பாலேந்திரா எழுதுவது. இங்கு யாவரும் சுகம். ஆர்ச்வேயில் அக்காவும் தாங்களும் சுகமாயிருக்க முருகன் துணை.

நான் பூசைச் சாமானும் மரக்கறியும் விற்கக் கடை எடுத்தது உண்மை. அதன் பெயர் ‘புட்சர்’ என்பதும் உண்மை. நான் இறைச்சி வெட்டுகிறேன் என்பது பொய்.

இங்கிலீசில் இறைச்சிக்கடைக்காரன் என்று பொருள்பட்டாலும், கட்டடச் சொந்தக்கார வெள்ளைக்காரக் கிழவரின் குடும்பப் பெயர் அது. நம்மைப் போல் தகப்பன் பெயரைச் சேர்த்துப் போடுகிறாராக்கும் என்று நினைத்து, “உங்கட அப்பா இறைச்சிக்கடையோ?” என்று கேட்டேன். “இல்லை, பொத்தான் கடை. அவற்ற அப்பாவும் புட்சர்தான், பொத்தான்தான்” என்றார். எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் ஆடு வெட்டியிருக்கிறான். இன்றைக்கு என் கற்பூரம் விலைப்படவில்லை. தாங்களும் கோபித்துக்கொண்டு கடைத் திறப்புக்கு வரவில்லை. கமலாம்பிகை மாமி வெற்றிலை வாங்க வந்து, வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டா. உள்ளே சாம்பிராணி வாசம்தான், அத்தான்! ஒரு வெள்ளைக்காரி ஆட்டுத்தொடை கேட்க, நான் சேனைக்கிழங்கைக் காட்ட, அதைக் கொஞ்சநேரம் தடவிப் பார்த்துவிட்டுப் போனா. என் மனுசி சிவகௌரி கல்லாவில் இருக்கமாட்டாவாம். “வெள்ளிக்கிழமை விரதக்காரி புட்சர் கடையில இருக்கிறதோ? கேக்கிறவைக்கு என்ன சொல்லுறது?” எண்டு ஒரே அழுகை. திருவிழாச் சாமான் ஓடர் தர இருந்த கோயில்காரரும் இப்ப யோசிக்கினம். அது போனால் கடையை மூடவேண்டியதுதான்.

நேற்றுக் கிழவரிடம் போய், “ஐயா, பேரைக் கழற்றுவம்” என்றேன்.

“நான் பிறந்ததிலயிருந்து மச்சம் மாமிசம் தொட்டதில்லை. நானே இந்தப் பேரோட இருக்கிறன், உமக்கென்ன? அதுசரி, உம்முடைய குலசேகரம் எண்டால் என்ன பொருள்?”

“அது என்ர அப்பாவின்ர பேர். குலத்துக்குக் கிரீடம்.”

மனுசன் என் குரங்குத் தொப்பியை வடிவாகப் பார்த்து, “கிரீடத்தை வீட்டில வச்சிட்டு வந்தீரோ?” என்றார்.

யாருடைய பேர் யாருக்குப் பொருந்துது எண்டு இப்ப எனக்கே விளங்கேல்லை. எப்படியும் நாளைக்குப் பலகையைக் கழற்றியே தீருவன். தாங்கள் கோயில்காரரிடம் ஒரு சொல் சொல்லவும்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இங்ஙனம்,
கு. பாலேந்திரா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து ஒரு கிழமை. பலகையைக் கழற்றவில்லை. ‘புட்சர்’ மேலே இருக்க, அதற்குக் கீழே தமிழிலும் இங்கிலீசு எழுத்திலும் ‘சுத்த சைவம்’ என்று எழுதினோம். மாமி உள்ளே வந்துவிட்டா, ஓடரும் வந்துவிட்டது. ஆனால் தெருவிலுள்ள வெள்ளைக்காரர் அதைப் புது முதலாளியின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். தபாற்காரர் காலையில் “குட் மோர்னிங், மிஸ்டர் சைவம்” என்கிறார். நான் திருத்தவில்லை. கிழவரோடு பேசி முடித்தது இதுதான்: ஐந்து வருசத்துக்குப் பலகை இறங்காது, வாடகை ஏறாது, வெள்ளிக்கிழமைகளில் அவருக்குச் சிவகௌரியின் மரக்கறிச் சோறு.