லோத்தார் எழுதிய நாலு பக்கம்

லோத்தார் கோபத்தில் காப்பிக் கோப்பையை மேசைமேல் ணங்கென்று வைத்தார். எர்ஃபுர்ட் நகரத்துத் தோட்டச் சங்கம் அப்படி ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. வாடகைத் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறி போட வேண்டுமாம். முழுக்கப் புல்லை வளர்த்து நடுவே உட்கார்ந்து புத்தகம் படித்தால் தோட்டம் பறிபோகுமாம்.

"குல்டூர் தெரியாத ஜனங்க," என்று உறுமினார். பண்பாட்டுக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பேர் அது. அதைச் சொல்லும்போதெல்லாம் லோத்தார் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவார். "படிக்கிறவனைப் போய் உருளைக்கிழங்கு நடச் சொல்றாங்க."

"நானும்தான் ஆறு வருஷமா சொல்றேன்," என்றாள் மனைவி ரோஸ்விதா.

"நீ சும்மா இரு. உனக்கும் அது தெரியாது."

ரோஸ்விதா ரொட்டியில் வெண்ணெயை அழுத்தித் தடவினாள். ரொட்டி கிழிந்தது. "சரி, தெரிஞ்ச நீ எழுது. வெறுமனே திட்டாதே. அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு, என்ன அர்த்தம், எல்லாத்தையும் எழுது. வாயடைச்சுப் போவாங்க."

யோசனை பிடித்துவிட்டது. தடித்த அகராதியைப் புரட்டி நாலு பக்கம் பொரிந்து தள்ளினார். மூலம் லத்தீன். முதல் அர்த்தம் நிலத்தைப் பண்படுத்துவது. மனசைப் பண்படுத்துவதெல்லாம் பின்னால் வந்தது. கடைசியில் ஆவேசம் அடங்காமல், "குல்டூர் பிறந்ததே மண்வெட்டி நுனியில். அதை மதிக்கத் தெரியாதவனுக்குத் தோட்டம் எதற்கு?" என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார். மை காயும் முன் ரோஸ்விதா கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள்.

நாலாம் நாள் சங்கத் தலைவி போல்ஸ் அம்மாளின் பதில் வந்தது. "உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தோம். ஒவ்வொரு வரியும் எங்களுக்குச் சம்மதம். நீங்கள் மண்வெட்டி எடுப்பதைப் பார்க்க, சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வருகிறோம்."

"நான் எடுக்கறேன்னு யார் சொன்னா?"

"நீதான். நாலாம் பக்கம்."

லோத்தார் முறைத்தார். "உனக்கு இந்த அர்த்தம் முன்னாடியே தெரியுமா?"

"நாற்றுப் பண்ணையில முப்பது வருஷம் வேலை பார்த்தேன், லோத்தார். அங்க முட்டைக்கோஸ் பயிருக்கே குல்டூர்னுதான் பேரு. நீ ஒருநாளாவது கேட்டியா?"

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை நாற்பது பேர் வேலியோரம் நின்றார்கள். லோத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு புல்லைப் பெயர்த்தார். பண்பாட்டில் பண் போய்ப் பாடு மட்டும் மிஞ்சியது. நடுப்பகலுக்குப் பாத்தி தயாரானதும் எல்லோரும் கைதட்டினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த லோத்தார், குலுக்குவதற்காகக் கையை நீட்டினார்.

போல்ஸ் அம்மாள் அவரைத் தாண்டிப் போய் ரோஸ்விதாவின் கையைக் குலுக்கினார்.