கடற்கோட்டையில் இருந்த வேலாயுதர்

சம்பந்தம் பேசும் இடத்தில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவன் அங்கே போகவே கூடாது என்பதுதான் எங்கள் தீவுப்பகுதி வழக்கம். நான் போனதுமல்லாமல் வாயையும் திறந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. ஊர்காவற்றுறையில் எனக்குப் புதிதாக வாத்தியார் வேலை. (கோட்டும் சால்வையுமாக நான் நடந்தால் மாடுகளே ஒதுங்கி வழிவிடும் என்று நினைப்பு.) நாரந்தனையில் ஒரு பெண்ணைக் கோயிலில் கண்டு, கட்டினால் இவளைத்தான் என்று முடிவும் செய்துவிட்டேன். அவளுடைய தகப்பனார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துருவித் துருவிக் கேட்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. "பெடியன்ர பரம்பரை என்ன?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

நான் பரம்பரையைத் தோண்டத் தொடங்கினேன். அகப்பட்டதெல்லாம் புகையிலைத் தோட்டமும் ஆடு மாடும்தான். ஒருவர் மட்டும் மின்னினார். ஒல்லாந்தர் காலத்தில் வேலாயுதர் என்ற முன்னோர் ஒருவர், எங்கள் இறங்குதுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கோட்டையில் சில வருடம் இருந்தாராம். அப்பாவுக்கு அதற்குமேல் தெரியாது. எனக்கு அதுவே போதும்.

பெண் வீட்டில் கதிரையில் நிமிர்ந்திருந்து அறிவித்தேன்: "எங்கட வேலாயுதர் கடற்கோட்டையில இருந்தவர்."

தகப்பனார் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அங்க இருந்தவை ரெண்டு வகை. காவல் காத்தவை, காவலில கிடந்தவை. உம்மட ஆள் எந்த வகை?"

அந்தக் கோட்டை சிறைச்சாலையாகவும் இருந்தது என்பது குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டு ஆளோடு அதைப் பொருத்திப் பார்க்க என் மூளை மறுத்துவிட்டது. அதோடு விட்டேனா? சாட்சி வேறு கூப்பிட்டேன். கூட வந்திருந்த பொன்னு மாமி, அப்பாவின் தமக்கை, குடும்பக் கதை முழுவதும் அறிந்தவர்.

"மாமி, நீங்களே சொல்லுங்கோ. அவர் அங்க என்ன உத்தியோகம் பாத்தவர்?"

மாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "என்ன உத்தியோகம் மோனை? கள்ளக்காசு அடிச்சவரெண்டு கொண்டுபோய் அடைச்சு வைச்சவங்கள்."

என் பக்கத்தில் இருந்த அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மாமி நிறுத்தினால்தானே! "ஆனா ருசுப்படுத்த ஏலேல்லை. பிடிச்ச காசையும் தங்கட காசையும் ஒண்டாக் கொட்டிப்போட்டாங்கள். பிறகு எது எங்கட ஆளின்ர, எது தங்கட எண்டு ஒல்லாந்தனுக்கே தெரியேல்லை. வேற வழியில்லாம விட்டிட்டாங்கள்."

தகப்பனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தினை சாட்சியளைக் கண்டனான். சொந்தக் குடும்பத்துக்கு எதிரா இப்பிடி உண்மை சொன்ன ஆளைக் காணேல்லை. ஓம், நல்ல நாள் பாருங்கோ."

அன்று குனிந்த தலை கலியாணத்தோடு நிமிர்ந்துவிட்டது. வெள்ளைக்காரனைத் தன் காசைத் தானே சந்தேகிக்க வைத்த மனிதர் வேறு யார் வீட்டில் இருக்கிறார்? மூத்தவனுக்கு அவர் பெயரையே வைத்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட என் மனைவிதான் இன்னும் விடுவதாயில்லை. முதல் சம்பளத்தைக் கொடுத்தபோது ஒவ்வொரு ரூபாயாக அம்மியில் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, அதன் பிறகே அலுமாரியில் வைத்தாள். இப்போது பென்சன் காசுத் தாளாக வருகிறது. பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்து, முற்றத்து வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறாள்.

"குறை நினையாதேங்கோ," என்பாள். "உங்கட ஆக்கள் கெட்டிக்காரரப்பா. பாத்துத்தான் எடுக்கவேணும்."