மூடாத கடைக்கு வந்த இரங்கல்

பெருமதிப்பிற்குரிய ‘துறைமுகத் தூதன்’ ஆசிரியர் டாக்டர் ப்ரூன்ஸ் அவர்களுக்கு,

ஹாம்பர்க், ஆல்ட்டோனா படகுத்துறை மீன் பன் கடையிலிருந்து கெஷே திம்மர்மன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அச்சுக்கூடத்தாரும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும், இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட என் கணவர் ஹின்னெர்க்கும் நலம். எங்கள் கடை மட்டும் போன வாரம் வியாழக்கிழமை காலையில் தங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் காலமாகிவிட்டது. நாற்பத்தொரு வருஷமாக நாங்கள் தங்கள் பத்திரிகையின் வாசகர்கள். அதன் உணவுப் பக்கத்தையும் உள்ளூர்ச் செய்திகளையும் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் அதில் ஹெரிங் மீனைச் சுற்றுவோம். இந்த மரியாதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். மேற்கொண்டு எழுதப்போவதில் மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு அறுவை சிகிச்சை. முதல் நாளே கடையின் இரும்புக் கதவை இறக்கி, ‘இடுப்பு வைத்தியம், மூன்று வாரம் விடுமுறை’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். அன்று ராத்திரி அடித்த மழையில் அந்தத் தாள் எல்பெ ஆற்றோடு போயிருக்கிறது, அது தங்கள் குற்றமில்லை. புதன்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தேன். வியாழன் காலை வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது நூர்ஹான் வந்து கதவைத் தட்டினாள். எங்கள் கடைக்கு அடுத்த காய்கறிக் கடை அவளுடையது, பத்தொன்பது வருஷமாக எங்கள் வெங்காயம் அவள் கொடுப்பதுதான். கையில் தங்கள் பத்திரிகை, கண்ணெல்லாம் தண்ணீர்.

“ஏன்க்கா, எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?”

“என்னத்தடி சொல்லல?”

“கடைய மூடிட்டீங்களாமே! ஊருக்கே தெரியுது, வெங்காயம் குடுக்கறவளுக்குத் தெரியல!”

பிடுங்கிப் பார்த்தேன். ‘உப்புக்காற்றில் கரைந்தது ஒரு சகாப்தம்’ என்று தலைப்பு. எழுதியவர் தங்கள் நிருபர் ஸ்வான்ட்யே லூடர்ஸ். ஆசிரியர் அவர்களே, கடை மூடியாயிற்று என்று எழுதினதைக்கூட நான் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு தாங்கியிருப்பேன். ஆனால் எங்கள் சாஸில் சதகுப்பைக் கீரை இருக்கிறதாம்! என் சாஸில் கடுகு இருக்கிறது, ஊறப்போட்ட வெள்ளரி இருக்கிறது, துருவின புளிப்பு ஆப்பிள் இருக்கிறது, இன்னும் ஒன்று இருக்கிறது, அதை என் பெண்ணுக்கே நான் சொன்னதில்லை. சதகுப்பை என்றைக்கும் இருந்ததில்லை. அதை நாங்கள் அடுத்த ஊர்க்காரர்களுக்கு விட்டிருக்கிறோம். அது போகட்டும் என்றால், ‘அந்தச் சாஸின் மந்திரக் கை திரு. திம்மர்மனுடையது, அவருக்குப் பின்னால் உதவிக்கு ஒரு பெண்மணியும் நின்றார்’ என்று ஒரு வரி. அந்த உதவிக்கு நின்ற பெண்மணி நான்தான், ஐயா. நாற்பத்தொரு வருஷமாக ஜன்னலில் நின்று சிரிப்பது அவர், பின்னால் நின்று மீன் அறுத்து, முள் எடுத்து, சாஸ் கலக்குவது நான். ஊர்க்காரர்கள் நக்கித் தின்பது அவருடைய சிரிப்பை இல்லை.

உடனே தங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்த லூடர்ஸ் பெண்தான் எடுத்தது. நல்ல குரல், குறை சொல்லக்கூடாது.

“நான் திம்மர்மன். எங்க கடை மூடல.”

“அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது.”

“எனக்குத் துக்கமே இல்லம்மா, கோவம்தான் இருக்கு. யாரு உங்கிட்ட மூடிட்டோம்னு சொன்னது?”

“மிகவும் நம்பகமான வட்டாரம். பேர் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல.”

நம்பகமான வட்டாரம்! யார் அந்த வட்டாரம் என்று வியாழன் முழுக்க யோசித்தேன். வறுத்த மீன் கடைக்காரனா, எங்கள் இடத்துக்குக் காத்துக் கிடக்கிற காபிக்காரனா? ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் பத்திரிகையைக் காட்டினேன். பாவம் மனிதர், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிர்ச்சிதான் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ‘நாங்கள் சாகவில்லை’ என்று பெரிய அட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனால், கடை வாசலில் அறுபது எழுபது பேர். இரும்புக் கதவுக்குக் கீழே பூங்கொத்துகள், கண்ணாடிக் கூண்டில் மெழுகுவர்த்திகள், யாரோ வைத்த ஒரு காலி மீன் டப்பாவில் ஒற்றை ரோஜா. கோடு போட்ட சட்டையும் சிவப்புக் கழுத்துத் துணியுமாக மாலுமிப் பாட்டுச் சங்கத்துக் கிழவர்கள் ஒன்பது பேர் வரிசையாக நின்று, கடலில் மூழ்கியவர்களுக்குப் பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “யாரும் சாகல! கடை மூடல!” என்று கத்தினேன். சங்கத் தலைவர் பாட்டை நிறுத்தி, “துக்கத்துல பேசறாங்க, பாவம்” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு இரண்டாவது சரணத்தை ஆரம்பித்தார். மூன்று சரணமும் முடிகிறவரை நான் அட்டையோடு நிற்க வேண்டியதாயிற்று. நடுவில் எனக்கே கொஞ்சம் அழுகை வந்தது, அவ்வளவு நன்றாகப் பாடினார்கள்.

அப்போதுதான் கேப்டன் ஒக்கே யென்சன் தொப்பியைக் கழற்றினார். தாங்கள் தெற்கே பவேரியாப் பக்கத்துக்காரர் என்று கேள்வி, அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவன் சாப்பிட்டுவிட்டு, “குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்றால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்ற ஒக்கே இருபத்திரண்டு வருஷமாக எங்களிடம் அந்த மூன்று வார்த்தையும், காலையில் ‘மொய்ன்’ என்று ஒரு வணக்கமும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அந்த மனிதர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

“எம் பொண்டாட்டி அடக்கத்துக்கு மறுநாள் இங்க வந்தேன். நான் ஒண்ணும் சொல்லல. ஹின்னெர்க் பழக்கத்துல ரெண்டு பன் எடுத்து வெச்சாரு, ஒண்ணு வெங்காயம் போடாம. அவ வெங்காயம் திங்க மாட்டா. வெச்சப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துது. வெளிய வந்து எம் பக்கத்துல நின்னு, அந்த ரெண்டாவது பன்னை அவரே தின்னாரு. பாதிரியார் பேசினதெல்லாம் மறந்துபோச்சு. அது மறக்கல.” தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டே, “சாஸும் நல்லா இருக்கும்” என்றார்.

நல்லா இருக்கும் என்றார், ஐயா. எழுபது பேர் முன்னால். என் கையிலிருந்த அட்டை எப்போது கீழே விழுந்தது என்றே தெரியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் கரையோரக் கடை இடங்களைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து க்ரோய்கர் என்கிற அதிகாரி வந்து சேர்ந்தார். ஒரு கையில் அளவு நாடா, இன்னொரு கையில் தங்கள் பத்திரிகை. கூடவே காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருக்கிற காபிக்காரன், தாடி வைத்தவன். ஓட்ஸ் பாலில் காபி போடுவானாம். என் கண் முன்னாலேயே நாடாவின் ஒரு முனையை எங்கள் கதவில் வைத்தார்கள்.

“இடம் காலியாயிடுச்சுன்னு செய்தி வந்திருக்கும்மா” என்றார் க்ரோய்கர்.

“நான் நின்னுக்கிட்டிருக்கேனே, தெரியலையா?”

“நீங்க நிக்கறீங்க. கடை நடக்கணும். இடத்தை விட்டுட்டதாத் தகவல் வந்தா நான் நேர்ல வந்து பாக்கணும், வியாபாரம் நடக்கலன்னா அடுத்தவருக்குப் போகும். விதி அப்படி. இப்ப கடை நடக்குதா?”

எழுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். மீன் இல்லை, பன் இல்லை, வெங்காயம் இல்லை, கணவர் ஆஸ்பத்திரியில். நான் ஒரு நாளும் அந்த ஜன்னலில் நின்றதில்லை. சின்ன வயதில் எனக்குத் திக்குவாய். ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் முதல் எழுத்திலேயே நின்றுபோவேன். அதனால்தான் பின்கட்டு எனக்கு, ஜன்னல் அவருக்கு என்று கல்யாணமான வருஷமே பிரித்துக்கொண்டோம். ஆனால் அந்த அளவு நாடாவைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

“நடக்குது” என்றேன். “பத்து மணிக்குத் திறக்கிறோம். வரிசைல நில்லுங்க.”

அப்போது மணி ஒன்பதேகால். பிறகு நடந்ததைத் தங்கள் நிருபர் வந்து பார்த்திருக்க வேண்டும். ஒக்கே போனை எடுத்து மீன் ஏலக் கூடத்தில் யாரையோ கூப்பிட்டு, “ஹெரிங். ஊறினது. ரெண்டு பீப்பா. இப்ப” என்று ஐந்தே சொல்லில் முடித்தார். நூர்ஹான் ஒரு மூட்டை வெங்காயத்தை இழுத்துவந்து, “அக்கா, நீங்க சாஸப் பாருங்க, அழுறத நான் பாத்துக்கறேன்” என்று உட்கார்ந்து அறுத்தாள். பாட்டுச் சங்கத்துக் கிழவர்கள் மேட்டுத் தெரு ரொட்டிக் கடைக்குப் போய், கழுத்துத் துணியில் முடிந்து பன்னைக் கொண்டுவந்தார்கள். பீப்பா வந்து இறங்கியபோது கூட்டம் கைதட்டியது. இரும்புக் கதவைத் தூக்கினேன். பூங்கொத்தையெல்லாம் கல்லாப் பக்கத்தில் ஒரு வாளியில் வைத்தேன். சரியாகப் பத்துக்கு முதல் பன்னை க்ரோய்கரிடம் நீட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு கடற்காக்கை வந்து பன்னோடு போய்விட்டது. கையில் ஒரு வெங்காய வளையம் மட்டும் மிச்சம்.

“இது கணக்குல வராது” என்றார், வெங்காயத்தைப் பார்த்தபடி.

“தலைய கூரைக்குள்ள விட்டுத் தின்னுங்க சார், ஊருக்குப் புதுசா?” என்றேன். கூட்டம் சிரித்தது. திக்காமல் வந்துவிட்டது, ஐயா! அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. யார் வந்தாலும் ஒரு வார்த்தை, அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை. “இந்தச் சாஸ் உங்க கையாம்மா?” என்று கேட்டவர்களிடமெல்லாம், “ஆமா, உதவிக்கு நின்ன பெண்மணி நான்தான்” என்றேன். வரிசை படகு ஏறுமிடம் வரை போய்த் திரும்பி வந்தது. க்ரோய்கர் இரண்டாவது பன்னைத் தலையைக் கூரைக்குள் விட்டுத் தின்று முடித்து, விரலைத் துடைத்து, ‘கடை நடக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்றார். தாடிக்காரன் மூன்று தின்றான்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, அதே ஐந்தாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கடை மூடவில்லை, சதகுப்பை இல்லை, சாஸ் கெஷே திம்மர்மனுடையது என்று திருத்தம் போட வேண்டும். அந்த நம்பகமான வட்டாரத்தின் பெயரையும் வெளியிட வேண்டும். நாற்பத்தொரு வருஷமாக ஒரு பொய் சொல்லாத மனிதரை மணந்தவள் நான். பொய் சொல்கிற ஆள் எப்படி இருப்பான் என்று ஒரு தடவை நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

தங்கள் பேனாவுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் நிருபருக்கு நல்ல காதும் வாய்க்கட்டும். இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
கெஷே திம்மர்மன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்த என் கணவருக்குப் பெருமையாக இதைப் படித்துக் காட்டினேன். நம்பகமான வட்டாரத்தின் பெயரை வெளியிட வேண்டும் என்ற கடைசி இடம் வந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். புது இடுப்பு, முடியவில்லை. “கெஷே, அது நான்தான்” என்றார். புதன்கிழமை நான் வீட்டுக்குக் கிளம்பின பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். சதகுப்பையையும் அவரே சொல்லியிருக்கிறார், இத்தனை வருஷமாக அதுதான் அந்த ரகசிய சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். “ஏன்டா இப்படிப் பண்ணின?” என்று கேட்டேன். “பக்கத்துக் கட்டில்ல ஒரு கடிகாரக் கடைக்காரரு. முப்பது வருஷம் நடத்தின கடையாம். மூடி எட்டு மாசமாச்சு, ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலன்னாரு. எனக்குத் தூக்கம் வரல. நம்மள யாராவது கேப்பாங்களான்னு இருக்கும்போதே தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு” என்றார். எழுந்துபோய்ப் பாத்திரத்தையெல்லாம் சத்தமாகக் கழுவினேன். பிறகு ஒக்கே பேசினதை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னேன். லூடர்ஸ் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும், அவளுக்குக் கடையில் ஒரு பன் காத்திருக்கிறது. தங்களுக்குச் செய்தி வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்: திங்கள்கிழமை முதல் ஆல்ட்டோனா படகுத்துறை மீன் பன் கடையில் ஜன்னலில் நிற்பது கெஷே. ஹின்னெர்க் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் அறுப்பார். யார் சொன்னது என்று கேட்டால் தயங்காமல் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.