டொக்டர் கேதீஸ்வரனுக்கு ஐந்து நட்சத்திரம்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். எனது நிறுவனத்துக்கு முன். எனது நிறுவனத்துக்குப் பின். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெருமை பேசுவது எனக்குத் தொழில். சொந்தப் பாவனைக்கு அதை எடுப்பதில்லை.

நிறுவனத்தின் பெயர் 'கீர்த்தி நற்பெயர் முகாமைத்துவ நிலையம்'. போன வருஷம் வரைக்கும் அது வெறும் 'கீர்த்தி அச்சகம்'. அதே கட்டடம், அதே மேசை, பின்னறையில் அதே அச்சு இயந்திரம். பதினெட்டு வருஷமாக அங்கே கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகங்களும் அச்சடித்தேன். அவற்றில் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுபவனும் நான்தான். பெண்சாதிக்கு அடித்தவர் என் கையால் 'இல்லறத்தின் இலக்கணம்' ஆனார். கோயில் காணிக்குள் வேலியை நகர்த்தியவர் 'ஆலயத் தொண்டர்' ஆனார். சம்பந்தப்பட்டவர்களில் ஒருவராவது எழும்பி வந்து மறுப்புத் தெரிவித்தது கிடையாது.

ஆனாலும் என் மனதை ஒரு கேள்வி அரித்தபடியே இருந்தது. நற்பெயர் செத்தவர்களுக்கு மட்டும்தானா? உயிரோடு இருப்பவர்களும் மனிதர்கள்தானே? இப்போதெல்லாம் ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்பதை அயலட்டையிடம் எவரும் விசாரிப்பதில்லை. இணையத்தில் அவனுக்கு எத்தனை நட்சத்திரம் என்றுதான் பார்க்கிறார்கள். காலத்தின் தேவை கருதி நான் பெயர்ப்பலகையை மாற்றினேன்.

"முதலாளி, புது போர்ட்டை எங்கை கொழுவுறது?" என்று கேட்டாள் தக்சாயினி. கணினியில் பதாகை வடிவமைக்கிறவள். நிறுவனத்தின் முழு ஆளணியும் அவள்தான்.

"முதலாளி எண்டு கூப்பிடாதை பிள்ளை. இனி நான் பிரதம நிறைவேற்று அதிகாரி."

"சரி, பிரதம நிறைவேற்று அதிகாரி முதலாளி. எங்கை கொழுவுறது?"

எங்களின் முதல் வாடிக்கையாளர் டொக்டர் கேதீஸ்வரன். பல் வைத்தியர். சொந்த ஊர் புத்தூர். நிலையம் யாழ்ப்பாணப் பட்டினத்தில். வந்து கதிரையில் இருந்தவர் கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தார். திரையில் ஒற்றை நட்சத்திரம். அதன் கீழே கரவெட்டி பராசக்தி என்பவர் எழுதியிருந்தார்:

'சூத்தைப் பல்லைப் பிடுங்கப் போனன். பக்கத்திலை நிண்ட நல்ல பல்லைப் பிடுங்கிப்போட்டார். ஏன் எண்டு கேட்டதுக்கு, டொக்டர் நானோ நீரோ, வாயை மூடும் எண்டார்.'

நோயாளியிடம் வாயை மூடச் சொன்ன முதல் பல் வைத்தியர் என்ற வகையில் எனக்கு அவர் மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது.

"நமசிவாயம், அடுத்த மாதம் நல்லூர்த் திருவிழா" என்றார் டொக்டர், என் பெயரைச் சொல்லி. "கனடா, லண்டன் சனமெல்லாம் வரும். தேர் பாக்க வாறம் எண்டு சொல்லுவினம், வந்து நிண்டு பல்லுக் கட்டிக்கொண்டு போவினம். ரிக்கற் போட முதல் உதைத்தான் திறந்து பாக்கினம். உந்த மனிசியின்ரை கதைதான் முன்னுக்கு நிக்குது."

"அவ சொல்லுறது மெய்யோ, டொக்டர்?"

"மெய் பொய் வேறை விசயம். உதை எடுக்க ஏலுமோ, ஏலாதோ?"

எங்கள் துறையின் சாரத்தை முதற் சந்திப்பிலேயே பிடித்துக்கொண்ட வாடிக்கையாளர்! எனக்கு மெய்சிலிர்த்தது. இருந்தாலும் தொழில் தர்மப்படி இலகுவான வழியை முதலில் சொன்னேன்.

"போன் எடுத்து, 'பிழை விட்டிட்டன் அம்மா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவவே எடுத்துப்போடுவா."

"நானோ? உமக்கென்ன விசரோ? அதைவிட நான் சாகலாம்."

வாடிக்கையாளர் விருப்பப் படிவத்தில் அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

மறுநாள் கரவெட்டிக்குக் 'களவிஜயம்' மேற்கொண்டேன். பராசக்தி ஒரு அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷமாகக் கிளார்க். கன்னத்தை ஒரு கையால் பொத்தியபடியே தேத்தண்ணி தந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் போத்திலை எடுத்து வைத்தார். உள்ளே பஞ்சில் ஒரு வெள்ளைப் பல். போத்திலில் திகதி எழுதி 'இணைப்பு 1' என்று ஒட்டியிருந்தது.

"உது ஒரு நாளும் நொந்ததில்லை அண்ணை" என்றார். "நோகிறது இன்னும் வாய்க்குள்ளைதான் கிடக்குது."

"அப்ப வேறை டொக்டரிட்டைக் காட்டலாமே?"

"காட்டலாம். ஆனா அவர் பிழை எண்டு சொல்லுமட்டும் நான் நோகிற பல்லை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். நொந்துகொண்டு கிடக்கட்டும்."

"நட்டஈடு ஏதும்..."

"சதமும் வேண்டாம்."

"எழுத்திலை ஒரு மன்னிப்பு?"

"எழுத்தோ! முப்பது வருஷமா நான் எழுத்துக்குள்ளைதான் கிடக்கிறன். எழுத்திலை எதையும் சொல்லலாம் அண்ணை. அவர் வாயாலை சொல்லட்டும். பிழை. ஒரு சொல்லு. அவ்வளவுதான்."

இவ்வளவு பேராசை பிடித்த மனுசியை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை.

திரும்பி வந்ததும் 'நற்பெயர் மேம்பாட்டு உயர்மட்டக் கூட்டம்' கூட்டப்பட்டது. நானும் தக்சாயினியும் சமுகமளித்தோம்.

"அந்தாள் ஒருக்கா பிழை எண்டு சொன்னா என்ன, வாய் வெந்து போடுமோ?" என்று கேட்டாள் தக்சாயினி. கருத்துப் பதிவுசெய்யப்பட்டு, ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் புகழ்ச்சியால் மூடிவிடுவதென்று தீர்மானித்தேன். புகழ்ச்சிக்கு எனக்கென்ன பஞ்சம்? பழைய நினைவுப் புத்தகக் கோப்புகளைத் திறந்தேன். பெயரையும் ஊரையும் மாற்றி, முப்பத்தொரு பேர் எழுதியது போல முப்பத்தொரு ஐந்து நட்சத்திரங்களைத் தயாரித்தேன். ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன்:

'புத்தூர் மண் செய்த தவப்பயன். பழக இனியவர். பிறர் மனம் நோகப் பேசி அறியாதவர். ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே கை, ஒரே குறடு. இவரைப் போல் இன்னொருவரை இனி எங்கே காண்போம்!'

தக்சாயினி வாசித்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"முதலாளி, உயிரோடை இருக்கிற ஒருத்தரை எங்கடை சனம் இப்பிடிச் சொல்லி எப்பவாவது கேட்டிருக்கிறியளோ? உதை வாசிச்சா டொக்டர் செத்துப்போட்டார் எண்டெல்லோ நினைப்பினம்!"

எதிர்மறைச் சிந்தனை எங்கள் நிறுவனத்தின் கொள்கைக்கு முரணானது. எல்லாவற்றையும் அன்று பின்னேரமே இணையத்தில் ஏற்றுவித்தேன்.

அடுத்த நாள் காலை ரொறன்ரோவிலிருந்து டொக்டரின் பள்ளிக்கூடத் தோழர் கிறிஸ்துநாயகம், ஊரில் அஞ்சலி அச்சடிப்பது நாங்கள்தான் என்று, எங்கள் இலக்கத்துக்கு அழைத்தார். குரல் தழுதழுத்தது.

"கேதி போய்ச் சேந்திட்டானாமே தம்பி? இருக்கேக்கை அவனை ஒருத்தரும் நல்லவன் எண்டு சொல்லிக் கேக்கேல்லையே! இப்ப முப்பத்தொரு பேர் எழுதியிருக்கினம். பாத்த உடனை எனக்கு விளங்கிட்டுது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலைக் கடலிலைதானே? நான் ரிக்கற் போட்டிட்டன்."

மத்தியானத்துக்குள் லண்டன் அழுதது. பின்னேரம் பாரிஸ் அழுதது. பழைய மாணவர்களின் வைபர் குழுவில் மெழுகுதிரிப் படம் நூற்றுக்கு மேல் எரிந்தது. டொக்டரோடு இருபது வருஷம் கதைக்காமல் இருந்த சொந்த மச்சான், 'என் வலக்கரத்தை இழந்தேன்' என்று எழுதினார். மூன்றாம் நாள் டொக்டர் எங்கள் கந்தோருக்குள் பாய்ந்து வந்தார்.

"அறுவானே! புத்தூர்ச் சந்தியிலை என்ரை படம் தொங்குது! ரண்டு பக்கமும் குத்துவிளக்கு! கீழை 'அச்சு: கீர்த்தி' எண்டு கிடக்குது!"

நான் தக்சாயினியைப் பார்த்தேன்.

"பழைய மாணவர் சங்கத்தாலை ஓடர் வந்தது, அடிச்சுக் குடுத்தன்" என்றாள் அவள். "மெய்யோ பொய்யோ எண்டு விசாரிக்கிறது எங்கடை வேலை இல்லை எண்டு நீங்கள்தானே முதலாளி சொல்லித் தந்தனீங்கள்?"

டொக்டர் மேசையில் குத்த ஓங்கிய கை அப்படியே நின்றது. அவருடைய கைத்தொலைபேசி சிணுங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தார். பராசக்தி தான் எழுதியதை அழித்துவிட்டு, புதிதாக ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். 'போனவரைக் குறை சொல்வது முறையில்லை. என்னிலும் பிழை இருக்கலாம். அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்.'

டொக்டர் மெல்லக் கதிரையில் இருந்தார்.

"இப்ப எத்தினை?"

"ஐஞ்சுக்கு ஐஞ்சு, டொக்டர். மறுப்பு அறிக்கை விடட்டோ?"

"பொறும், பொறும். நான் உயிரோடை இருக்கிறன் எண்டு தெரிஞ்சா அந்த மனிசி திரும்ப எழுதுவாவோ?"

"கட்டாயம் எழுதுவா."

"அப்ப ஏன் அவசரப்படுறீர்?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'அதைவிட நான் சாகலாம்' என்று அன்றைக்குச் சொன்னவர், சொல் தவறவில்லை! படிவத்தில் பதிவானதை இப்படி நிறைவேற்றுகிற வாடிக்கையாளர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மற்றத் தொழில்களுக்கு இல்லாத ஒரு வசதி பல் வைத்தியத்துக்கு உண்டு. முகக்கவசம். நிலையத்தின் பலகையை 'அமரர் டொக்டர் கேதீஸ்வரன் ஞாபகார்த்தப் பற்சிகிச்சை நிலையம்' என்று மாற்றினோம். சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே, கண் மட்டும் தெரியும் 'புது டொக்டர்'. அயலில் உள்ளவர்களுக்கு விசயம் தெரியும்தான். ஆனால் அயலில் உள்ளவர்கள் நட்சத்திரம் பார்த்து வருகிறவர்கள் அல்ல. டொக்டரின் மனைவி மட்டும் குங்குமப் பொட்டை அழிக்க முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். 'குடும்பத்தினரின் ஒத்துழைப்புப் போதாது' என்று கோப்பில் குறித்தேன். வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கியது. அமரரின் புகழைச் சொல்லிச் சொல்லி வாயைத் திறந்தது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் பராசக்தி ஞாபகார்த்த நிலையத்துக்கு வந்தார். நான் அங்கே நோயாளிகளின் வாங்கில் இருந்தேன். கன்னம் வீங்கியிருந்தது. மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார்.

"பாவம் அண்ணை. முப்பத்தொரு பேர் அவ்வளவு நல்லவர் எண்டு எழுதியிருக்கினம். நான்தான் மனிசனைக் கரிச்சுக் கொட்டிப்போட்டன். அதுதான், அவரின்ரை இடத்திலையே இதைப் பிடுங்குவிச்சுப்போட்டு மனத்தாங்கலை முடிப்பம் எண்டு வந்தன்."

உள்ளே போனார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"புது டொக்டர், போனமுறை பெரியவர் தெரியாத்தனமாப் பக்கத்துப் பல்லை எடுத்துப்போட்டார். வேணுமெண்டு செய்திருக்க மாட்டார். நோகிறது இதுதான்."

உள்ளே குறடு தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சொல்லிவிடு மனிசா, என்று என்னை அறியாமலே வாய்க்குள் முணுமுணுத்தேன். தன் பிழை என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. செத்தவனின் பிழை என்று சொன்னால் போதும். ஒரு சொல். அந்த மனுசியின் பல்லும் போய்விடும், நோவும் போய்விடும்.

"பெரியவர் பிழை விட்டிருக்க மாட்டார்" என்றது முகக்கவசம். "நீர்தான் பல்லைப் பிழையாக் காட்டியிருப்பீர்."

"நான் வடிவாத்தான் காட்டினனான்."

"டொக்டர் நானோ நீரோ? வாயை மூடும்."

பராசக்தி வாயை மூடினார். கதிரையை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு வந்து படத்திலிருந்த கண்களைப் பார்த்தார். திரும்பி, கவசத்துக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நோகிற பல்லோடு வந்தவர் நோகிற பல்லோடு போய்விட்டார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை எங்கள் கந்தோரைத் திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"சண்டைக்கு வரேல்லை அண்ணை. ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கவேணும். நீங்கள் செத்ததுகளைப் பற்றி வடிவா எழுதுவியளாமே." போத்திலை எடுத்து என் மேசையில் வைத்தார். "இது மெய்யாவே செத்தது."

தக்சாயினி நான் சொல்ல முதலே கணினியைப் போட்டுவிட்டாள். பதினெட்டு வருஷத் தொழிலில், ஒரு சொல்லையும் புனைய அவசியமில்லாமல் நான் எழுதிய ஒரே அஞ்சலி அதுதான். கொடியேற்றத்தன்று விடிய, ஞாபகார்த்த நிலையத்துக்கு நேர் எதிரே, இரண்டு பக்கமும் குத்துவிளக்கோடு தொங்கியது. கீரிமலை அந்தியேட்டிக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய கிறிஸ்துநாயகம்தான் முதலில் நின்று வாசித்தாராம்.

'கண்ணீர் அஞ்சலி. கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், பராசக்தியின் வாயை வதிவிடமாகவும் கொண்ட நல்ல பல், டொக்டர் கேதீஸ்வரனின் கையால் அகால மரணமடைந்தது. அன்னார் ஒருநாளும் ஒருவரையும் நோகச் செய்ததில்லை. டொக்டர் சுகமாக இருக்கிறார், எதிரே பார்க்கலாம்.

தகவல்: இன்னும் நோகிற பக்கத்துப் பல்.'