பிராய்லர் முறையில் வளர்க்கப்பட்டவள்

குள்ளமான பெண்ணைக் கண்டால் ஊரில் எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். கம்பியில் தொங்கு என்பார்கள், கயிறு தாண்டு என்பார்கள். எனக்கு வாய்த்த வைத்தியர் என் அப்பா. உத்தமபாளையத்துக்கு வெளியே பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருந்தார்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. வாலிபால் என்றால் உயிர். தேனியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. இடம் கிடைத்தால் படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே நடக்கும். கிடைக்காவிட்டால் ஆட்டம் அதோடு சரி. நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த பள்ளியில் வலை கட்டக் கம்பம்கூடக் கிடையாது. எனக்கு உயரம் மட்டும் இரண்டு விரற்கடை குறைந்தது.

அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா அழுகுற ஆத்தா? தீவனத்துல புரோட்டீன் கொறஞ்சா குஞ்சு வளராது. ஏத்திவிட்டா ஒன்றரை மாசத்துல ஆளே அடையாளம் தெரியாது. வளர்ச்சி ஹார்மோனத் தூண்டுறதே புரோட்டீன்தான்னு போன் வீடியோவுல ஒரு டாக்டரே சொல்றாக."

"அவ என்ன கோழியா?" என்றார் அம்மா.

"கோழிக்கே கேக்குதுல்ல?"

(இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நானே அடைத்திருப்பேன். ஆசை அப்படி.)

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது. அவித்த முட்டை, கொள்ளு, மதியம் கோழி, சாயங்காலம் கடலை, மறுபடியும் கோழி. சோறு ஊறுகாய் அளவுக்குத்தான் தட்டில் இருக்கும். ஞாயிறுதோறும் கோழி நிறுக்கும் தராசில் அப்பா என்னை ஏற்றுவார். எடை ஏறிக்கொண்டே போனது. அவர் பூரித்தார். சுவரில் என் உயரத்துக்குப் போட்ட கோடு மட்டும் அசையவில்லை.

"மொதல்ல எடை வரும். அப்புறந்தான் உயரம்" என்றார்.

எடை வந்த கோழிக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

விடுதிக்கு ஆள் எடுக்கும் நாளன்று, தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு கிண்ணம் கொள்ளு கூடுதலாகத் தந்தார். பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது என் வயிற்றுக்குள் இடி இடிக்கத் தொடங்கியது. தேனி வந்தபோது மழைக்குத் தயாராக இருந்தது.

மைதானத்தில் பெண்கள் வரிசையாக நின்றோம். பெற்றோர் வேலியோரம். உயரம் அளந்த பயிற்சியாளர் அம்மா என்னைக் கோலில் சாய்த்து நிறுத்தினார்.

"நல்லா மூச்ச இழுத்து, நிமிந்து நில்லு கண்ணு."

இரண்டு விரற்கடைக்காக நான் எதையும் செய்வேன். இழுத்தேன். நிமிர்ந்தேன். மேலே போக வேண்டிய தலை போகவில்லை. கீழே இருந்த காற்று போனது. சத்தமாக, நீளமாக. பக்கத்துக் கட்டடக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. (மிகையில்லை. வேலியோரம் நின்ற என் அம்மா சாட்சி.)

வரிசை மொத்தமும் சிரித்தது. பயிற்சியாளர் அம்மா ஒரு எட்டுத் தள்ளி நின்று அளந்தார். அதே இரண்டு விரற்கடை குறைவு. குதித்தாவது காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். பள்ளியில் வழக்கமாக எளிதில் தொடும் உயரத்தின் பக்கத்தில்கூடக் கை போகவில்லை.

"எடை கூடிருச்சும்மா" என்றார் அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வயிறு அடங்காததால் டாக்டரம்மாவிடம் போனோம். "எங்கன தப்பாப் போச்சும்மா?" என்று அப்பா கேட்டார்.

"வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில சுரக்குது. அது தூண்டி, கல்லீரல் இன்னொரு ஹார்மோன அனுப்பும். ரெண்டும் சேந்துதான் எலும்ப வளக்கும். பிள்ளைக்குப் புரதம் பத்தாமப் போனா கல்லீரல் அந்த வேலைய ஒழுங்காச் செய்யாது, வளத்தி கொறஞ்சிரும். அதனால வளர்ற வயசுல முட்டையும் பருப்பும் வேணும். ஆனா போதுமானது கெடைக்கிற பிள்ளைக்கு மேல மேல கொட்டுனா உயரம் கூடாது. அதோட, இவளுக்கு எலும்பு நுனியெல்லாம் மூடுற வயசு. பிராய்லர் வளர்றது தீவனத்தால மட்டுமா? இனமும் அப்படி. நீங்க உங்க உயரத்தப் பாருங்க."

அப்பா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். பார்க்க அதிக தூரம் இல்லை.

அதற்குப் பிறகு நான் வாலிபால் ஆடவில்லை. பந்துச் சத்தம் கேட்டால் வேறு தெரு வழியாகப் போனேன். உயரமும் வீட்டுச் சுவரில் போட்ட அந்தக் கோட்டைத் தாண்டவேயில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் குடும்பப் படம் எடுக்கும்போது எனக்கு எப்போதும் முன்வரிசைதான். "எல்லாரும் மூச்சப் பிடிச்சு நிமிந்து நில்லுங்க" என்பார் படம் எடுப்பவர். உடனே பின்வரிசையில் முக்காலி மேல் நிற்கும் அப்பாவின் குரல் வரும்:

"தம்பி, அவள மட்டும் விட்ருங்க. பின்னால நாங்க நிக்கிறோம்."