சம்பந்தி கேட்ட கல்யாணப் படம்

டி.வி.க்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் இஷென்பாய். தொப்பை மேஜையில் இடித்து, மூச்சு வாங்கியது.

"அங்க என்ன பண்றீங்க?" என்றாள் பூருல்சா, கையெல்லாம் மாவோடு.

"தூசி தட்டறேன்."

"கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க தட்டின ஒரே தூசி உங்க தொப்பியில இருந்ததுதான். எழுந்து வாங்க, சம்பந்தி வர நேரமாச்சு."

அதனால்தானே இந்த அவசரம்! டி.வி.க்குக் கீழே இருந்த சின்ன பிளேயரின் ஒயரைப் பாதி உருவி, செருகியிருப்பதுபோல் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

மகள் கல்யாணப் படம் படுக்கையறையில், கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் சேமிப்புப் பெட்டிக்குள் இருந்தது. மருமகன் திலெக் வாங்கி வைத்த பெட்டி அது. வீட்டுக் கணினியும் டி.வி.யும் அதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தான். ஆனால் டி.வி. பிளேயரை அதோடு இணைக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. இன்றைக்கு இணைக்கப்போகிறானாம்.

இரண்டு நாள் முன்னால் சம்பந்தி ஓரோஸ்பெக் போன் செய்தார். "சம்பந்தி, என் வீட்டுக்காரி கல்யாணப் படம் பார்க்கணும்னு உயிரை எடுக்கறா. ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆமா, அந்தப் படம் உங்க பெட்டியில மட்டும்தானே இருக்கு?"

"ஆமா."

"வேற பிரதி கிடையாதே?"

"கிடையாது. ஏன்?"

"சும்மாதான். அதுல கறி பரிமாறின இடமும் வருதா?"

இஷென்பாய் போனை வைத்துவிட்டு யோசித்தார். கறி பரிமாறின இடத்தை எவனாவது சும்மா கேட்பானா?

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் விருந்து என்றால் யார் தட்டில் எந்த எலும்பு என்பதுதான் பேச்சு. பெரிய மரியாதைக்காரருக்கு ஆட்டின் இடுப்பெலும்பு. அன்றைக்கு அது சம்பந்திக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இஷென்பாயின் மேலதிகாரி அதே மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பதவி உயர்வுக் கோப்பு அவர் கையில் இருந்தது. ஆசை விடவில்லை. இடுப்பெலும்பை மேலதிகாரிக்கும், ஒல்லி விலாவைச் சம்பந்திக்கும் வைத்துவிட்டார். கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

கேமரா கவனித்திருந்தது. ஒருநாள் கணினியில் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, மேலதிகாரியின் தட்டு திரை முழுக்க வந்து நின்றது. அதற்கு மேல் பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே மூடிவிட்டார்.

அவ்வளவு செய்தும் அந்த மேலதிகாரி கல்யாணத்துக்கு அப்புறம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. கோப்பும் நகரவில்லை. நன்றி கெட்ட மனுஷன் என்று இஷென்பாய் தினமும் திட்டுவார்.

இப்போது சம்பந்தியும் முறைத்தால் தாங்காது. மகள் அய்ஜார்கின் இன்னும் முறைப்படி தாய்வீடு வந்து தங்கவில்லை. மாமனார் வாயைத் திறந்து "போய் இருந்துட்டு வா" என்று சொன்னால்தான் வரலாம். பூருல்சா மகளுக்கென்று புது மெத்தைகள் தைத்து, கூரை தொடுகிற மாதிரி அடுக்கிவிட்டு, தினமும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை இன்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை சமையல்.

மணி அடித்தது. ஓரோஸ்பெக், அவர் மனைவி சாயிரா, திலெக், அய்ஜார்கின் நாலு பேரும் உள்ளே வந்தார்கள். சம்பந்தி கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தபடியே தோளுக்கு மேலாக டி.வி.யைப் பார்த்தார். இஷென்பாய் அதைக் கவனித்துவிட்டார்.

தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான பொர்சோக்கும் வந்தன. திலெக் நேரே பிளேயரிடம் போனான்.

"மாமா, ஒயர் கழண்டு கிடக்கு."

"அடடா, வேலை செய்யாதா? சரி, விடு. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"இல்ல மாமா, நல்லதாப் போச்சு. இதைத் தப்பான துளையில சொருகியிருந்தீங்க. இப்ப பாருங்க, பெட்டி தெரியுது!"

திரையில் சேமிப்புப் பெட்டியின் பெயர் பளிச்சென்று வந்தது. இஷென்பாய் எழுந்தார். "சட்டையில தேநீர் கொட்டிடுச்சு" என்று படுக்கையறைக்கு ஓடினார். கணினியைத் திறந்து, பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினார். படம் இருந்த இடம் திரையில் திறந்தே கிடந்தது. அழித்துவிடலாமா? மகளின் கல்யாணமாயிற்றே, கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"கடவுச்சொல் தப்புங்குது" என்றான் திலெக். "மாமா, மாத்தினீங்களா?"

"நானா? எனக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாதே!"

சமையலறையிலிருந்து பூருல்சாவின் குரல் வந்தது. "அவர் வேற என்னத்தை வைக்கப்போறார்? அவர் வளர்த்த குதிரை பேரைப் போட்டுப் பாரு மாப்பிள்ளை. கெர்காஷ்கா!"

திலெக் போட்டான். திறந்துகொண்டது. ஒரு கிர்கிஸ்காரன் அவசரத்தில் வேறு எந்தப் பேரைத்தான் நினைப்பான்! இஷென்பாய் தன்னைத்தானே சபித்துக்கொண்டார்.

"ஆஹா, படம் வரப்போகுது!" என்று சாயிரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஓரோஸ்பெக் சட்டென்று எழுந்தார். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. உள்ளே கொஞ்சம் சாஞ்சுட்டு வரேன்."

"காலையிலதானே உருளைக்கிழங்கு மூட்டையை மாடிக்குத் தூக்கினீங்க?" என்றாள் சாயிரா.

"அதனாலதான் பிடிச்சிருக்கு!"

அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். படம் பார்க்க வந்தவர், படம் வரும் நேரத்தில் ஏன் எழுந்து போகிறார்? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இஷென்பாய்க்குத் தோன்றியது. கதவோரம் போய்க் காது கொடுத்தார். கட்டில் சத்தமே இல்லை. மவுஸ் 'டிக் டிக்' என்றது.

"மாமா, தள்ளுங்க, சிக்னலை மறைக்கறீங்க" என்றான் திலெக். மருமகனும் இதில் கூட்டா என்று அவனையும் ஒரு பார்வை பார்த்தார்.

சம்பந்தி வெளியே வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. முகத்தில் அப்படியொரு சாந்தம். "போடுப்பா, பார்க்கலாம்" என்று பொர்சோக்கை ஜாமில் தோய்த்தார்.

திலெக் பட்டனை அழுத்தினான். பட்டியல் வந்தது. தலையைச் சொறிந்தான். "புது வருஷப் படம் இருக்கு. குதிரைப் பந்தயம் இருக்கு. கல்யாணத்தைக் காணோமே!"

"நல்லாத் தேடு!" என்று அய்ஜார்கின் பதறினாள்.

"குப்பைத் தொட்டியிலகூட இல்ல. சுத்தமா துடைச்ச மாதிரி இருக்கு."

பூருல்சா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். "என் பொண்ணு வெள்ளை கவுன்ல நின்னாளே..."

இஷென்பாய்க்கு இப்போது எல்லாம் விளங்கியது. இந்த மனுஷன் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார்! நாளைக்கு உறவுக்காரர் எல்லாரையும் கூட்டி வைத்து, "பாருங்கய்யா, பெண் வீட்டார் எனக்கு வைத்த எலும்பை" என்று போட்டுக் காட்டுவார். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மகளை அனுப்பச் சொல்லிக் கேட்பது? மெத்தைகள் அடுக்கினபடியே கிடக்கும்.

இஷென்பாய் எழுந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, என்னை மன்னிச்சுடுங்க! உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரியும். அந்த இடுப்பெலும்பு உங்களுக்கு வர வேண்டியது. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டு, அதை எடுத்து என் மேலதிகாரிக்கு வெச்சேன். உங்களுக்கு விலாவை வெச்சேன். நான் அற்பப் பயல்! ஆனா அந்தக் கோபத்துல பொண்ணை மட்டும் அனுப்பாம இருந்துடாதீங்க!"

ஓரோஸ்பெக்கின் கையிலிருந்த பொர்சோக் தேநீருக்குள் விழுந்தது. முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"பொண்ணா?" என்றார், குரல் எங்கோ போய். "பொண்ணு... ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும் சம்பந்தி. இன்னைக்கே இருக்கட்டும். நாங்க கிளம்பறோம். சாயிரா, கோட்டை எடு!"

இவ்வளவு தாராளமா? இஷென்பாய்க்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

சாயிரா நாற்காலியை விட்டு அசையவில்லை. கணவரைப் பார்த்தாள், படுக்கையறைக் கதவைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடப்பாவி மனுஷா! சம்பந்தி, உங்க மேலதிகாரி வாழ்த்துப் பேச எழுந்தப்போ அவர் தட்டை இவர் தன் தட்டோட மாத்தி வெச்சுட்டு, கேமரா பார்த்துடுச்சேன்னு இத்தனை மாசம் தூங்காம கிடந்து, இப்ப உள்ளே போய்ப் படத்தையே அழிச்சுட்டு வந்தாரே, அப்போ இவர் திருடித் தின்னது இவரோட எலும்பையேதானா?"