மெர்சி அண்ணையின் மூன்றாவது பரீட்சை

லண்டனில் எங்கள் ஆட்களுள் பிரெஞ்சுக்குப் பயப்படாத ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். பிரெஞ்சுதான் அவரைக் கண்டு பயந்தது. மெர்சி அண்ணை வாயைத் திறந்தால் ஆண்பாலும் பெண்பாலும் ஒதுங்கி வழிவிடும். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே வசனத்துக்குள் முட்டி மோதும். ஆனால் வசனம் மட்டும் நிற்காது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பஸ் மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

‘மெர்சி’ என்பது பிரெஞ்சில் நன்றி. அவர் அதைச் சொல்லாத பொருள் உலகத்தில் இல்லை. கதவு திறந்தால் மெர்சி. ரிக்கெற் மெஷின் மிச்சக் காசைக் கக்கினால் மெர்சி, கக்காமல் விழுங்கினாலும் மெர்சி. ஒருநாள் மழைக்குள் ஓடிவந்த அவருடைய மூக்குக்கு முன்னால் சாரதி கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸை எடுத்துவிட்டான். நனைந்தபடி நின்று, போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்து, “மெர்சி!” என்றார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஹரோப் பகுதியில் யாருக்கும் தெரியாது.

எனக்கு அவருடைய பட்டப்பெயரே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் மெர்சி என்று எங்கட ஆள் ஒராள் இருப்பதாக என் கணவர் கடையில் கேட்டுக்கொண்டு வந்தார்.

“நல்லதாப் போச்சு. நீர் அந்தப் பிள்ளையோடை சேர்ந்து படியும்” என்றார்.

எனக்கும் ஆறுதலாக இருந்தது. மெர்சி என்றால் யாரோ கிறிஸ்தவ வேதக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும் என்று நினைத்து, முதல் நாள் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்தேன். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, வெயிலிலும் கழற்றாத மண்ணிறத் தோல் ஜாக்கெற்றோடு ஒருவர் வந்து, கைப்பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, “மெர்சி, தங்கச்சி” என்று அமர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் தாமே வந்து என்னை வகுப்பில் விட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். மூன்றாம் வாரம் கார்ப் பார்க்கில் மெர்சி அண்ணையோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்து, “அது நல்ல மனுசன். இனி நீர் பஸ்ஸிலை போம்” என்றார்.

நான் ஏன் பிரெஞ்சு படித்தேன் என்பதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவருக்குப் பகல் வேலை. எனக்குச் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். அவர் உள்ளே வர நான் வெளியே போவேன். எங்கள் மூன்று வயது மகள் அபி, வாசற்படியில் ஒரு பார்சலைப் போலக் கைமாறுவாள். நான் திரும்பும்போது அவள் நித்திரை. நான் இல்லாமலே பிள்ளை வளர்ந்துவிடுவாளோ என்று எனக்கு ஓயாத பயம். அப்போது சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில் வேலை வந்தது. அபி நேசரியில் இருக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. ஒரேயொரு நிபந்தனை, பிரான்சிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு வாய்மொழிப் பரீட்சைச் சான்றிதழ் வேண்டும். கோடை முடியும்வரை எனக்காகப் பொறுத்திருப்பதாக மனேஜர் சொல்லியிருந்தார்.

எழுத்து எனக்குப் பிரச்சினை இல்லை. ஊரில் வாய்ப்பாடு பாடமாக்கியதுபோல வினைச்சொற்களை முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஆனால் மதாம் — எங்கள் ஆசிரியையை அப்படித்தான் அழைப்போம் — என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், தொண்டையில் பூட்டு விழுந்துவிடும். சரியான விடை உள்ளே இருக்கும். அது சரிதானா என்று நான் உள்ளேயே திருத்தி முடிப்பதற்குள் மதாம் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

அதே பள்ளிக்கூடத்தில் பக்கத்து அறையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. அங்கே பிள்ளைகள் தமிழ் பேசமாட்டோம் என்று அழுவார்கள். இங்கே அவர்களுடைய பெற்றோர் வயதில் நாங்கள் பிரெஞ்சு பேச ஏலாமல் விழிப்போம். ஒருநாள் மதாம் என்னையும் மெர்சி அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருவருக்குத் தெரியும், பேசமாட்டார். ஒருவருக்குத் தெரியாது, நிறுத்தமாட்டார். நீங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு மாணவர் கிடைப்பார்” என்று எங்களைச் சோடி சேர்த்துவிட்டார்.

அப்போதுதான் மெர்சி அண்ணை ஏற்கெனவே இரண்டு தரம் வாய்மொழிப் பரீட்சை எடுத்துத் தோற்றவர் என்பது தெரிந்தது. எனக்கு வியப்பாக இருந்தது. பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் பல வருடம் நின்றவர், இரவு முழுக்கப் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துவிட்டு வந்தும் வகுப்பில் எல்லோருக்கும் மேலாகச் சத்தம் போடுகிறவர்.

“என்ன அண்ணை கேட்டவை? அவ்வளவு கஷ்டமோ?”

“பேர் என்னெண்டு கேட்டவன்.”

“சொன்னீங்கள்தானே?”

“எப்பிடிச் சொல்லுறது? அவன் ‘வூ’ எண்டெல்லோ கேட்டவன்!”

பிரெஞ்சில் ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். பரீட்சையில் ‘வூ’ என்றுதான் மரியாதையாகக் கேட்பார்கள். அதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

“தங்கச்சி, குசினியிலை எல்லாரும் எனக்கு த்யூ. த்யூ சட்டியைக் கழுவு, த்யூ கிழங்கை உரி, த்யூ செத்துப் போ. ஒரு மனவருத்தமும் இல்லை. அந்தப் பாரிஸ் முழுக்க என்னை ‘வூ’ எண்டு மரியாதையாக் கூப்பிட்டது ஒரு பகுதிதான்.”

“ஆர்?”

“மெற்றோ வாசல்லை நிக்கிற பொலிஸ்.”

அண்ணையிடம் அப்போது விசா கிடையாது. பொலிஸ் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்து, உங்கள் பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், யாரோடு வசிக்கிறீர்கள், இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்பானாம். நான் எங்கள் பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வாய்மொழிப் பரீட்சைக்கான மாதிரி வினாக்கள்: உங்கள் பெயர் என்ன? எங்கே வசிக்கிறீர்கள்? யாரோடு வசிக்கிறீர்கள்? இன்று இங்கே எப்படி வந்தீர்கள்?

முதல் தரம், பெயரைக் கேட்டதும் அண்ணை எழுந்து நின்று, பாஸ்போர்ட்டையும், விலாசத்துக்கு அத்தாட்சியாகக் காஸ் பில்லையும் மேசையில் வைத்திருக்கிறார். தேவையில்லை ஐயா, நான் உங்களை நம்புகிறேன் என்றாராம் பரீட்சகர்.

“நம்புறன் எண்டு சொன்னவங்கள்தான் முதல்லை பொலிஸ் வானிலை ஏத்தினவங்கள்” என்றார் அண்ணை.

இரண்டாம் தரம் இன்னும் கவனமாக இருந்திருக்கிறார். யாரோடு வசிக்கிறீர்கள்? ஒருத்தரும் இல்லை. சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்? சத்தியமாக வேலை செய்வதில்லை. இங்கே எப்படி வந்தீர்கள்? ரிக்கெற் எடுத்துத்தான் வந்தேன், இந்தாருங்கள். பரீட்சகர் பாவம், பேச்சை இலகுவாக்குவதற்கு ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். கடற்கரையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். இந்தப் படத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இவையை எனக்குத் தெரியாது, வாழ்க்கையிலை கண்டதில்லை எண்டு சொன்னனான்.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள். அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை.

“எல்லாம் இந்தப் பிரெஞ்சுக்காரன்ரை பிழை. எங்களுக்கு நீ இருக்கு, நீர் இருக்கு, நீங்கள் இருக்கு. அவனிட்டை நீயும் நீங்களும்தான். நடுவிலை ஒரு ‘நீர்’ இருந்திருந்தா நான் எப்பவோ பாஸ்.”

யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. என் கணவர் என்னை ‘நீர்’ என்பார். அதில் அதட்டலும் இல்லை, எட்டி நிற்பதும் இல்லை. அப்படி ஒரு சொல்லால் கேட்டிருந்தால் நானும் ஒருவேளை வாய் திறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் குசினியில் பயிற்சி என்று முடிவாயிற்று. நான் பரீட்சகராக நடிக்கவேண்டும். நான் ‘வூ’ என்று தொடங்கவே அண்ணைக்கு நெற்றி வேர்க்கும். அவர் வேர்ப்பதைப் பார்த்து எனக்கு நாக்கு வறளும். நடுவில் என் கணவர் வெங்காயம் வெட்டியபடி, “ரெண்டு பேரும் ஒரு ரீயைக் குடியுங்கோவன்” என்பார். அதோடு பயிற்சி முடிந்துவிடும்.

எங்களைக் காப்பாற்றியது அபி. ஒரு ஞாயிறு, உயரக் கதிரையில் இருந்தபடி, கழுத்தில் பருப்புக் கறை படிந்த துணியோடு, கரண்டியை அண்ணையின் பக்கம் நீட்டி, “கொமான் வூ ஸப்பலே வூ?” என்றாள். உங்கள் பெயர் என்ன? இவ்வளவு நாளும் நான் திக்கித் திக்கிக் கேட்டதை ஒரு திக்கலும் இல்லாமல் கேட்டுவிட்டாள்.

எனக்கு அடுத்த பயம் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், இப்போது பிரெஞ்சு. மூன்றும் குழம்பிப் பிள்ளை கடைசியில் ஒன்றுமே பேசாமல் போய்விடுவாளோ? இதை டொக்டரிடம் கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மெர்சி அண்ணை நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

“ஐயோ, இன்ஸ்பெக்டர் அம்மா வந்திட்டா! இவவுக்குப் பொய் சொல்ல ஏலாதே!”

வேர்வை இல்லை. பெயர் மெர்சி என்றார், தெரு சொன்னார், இரவில் என்ன வேலை, பகலில் எத்தனை மணிக்குப் படுக்கை என்று எல்லாம் சொன்னார். அபிக்குத் தெரிந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்கு மேல் அவளுடைய காதில் நான் பிரெஞ்சில் குசுகுசுக்க, அவள் உரத்துச் சொல்வாள். விடை பிழைத்தால் கரண்டியால் தலையில் ஓர் அடி. பிறகு அவளுக்கு அலுத்துப்போய் விளையாடப் போனதும், கேள்விகளை நானே உரத்துக் கேட்டேன். என் குரல் வெளியே வந்துவிட்டதை வெங்காயத்தோடு நின்ற என் கணவர்தான் முதலில் கவனித்தார். “இஞ்சரும், நீர்தானே உது கதைக்கிறது?” என்றார்.

பரீட்சை நாளன்று என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அபியையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் மெர்சி அண்ணை உள்ளே போனார். பத்து நிமிடப் பரீட்சை அரை மணித்தியாலம் நடந்தது. உள்ளே யாரோ கதிரை அதிரச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அண்ணை கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

“எல்லாத்தையும் ஒத்துக்கொண்டிட்டன், தங்கச்சி.”

“யாரோடை இருக்கிறீங்கள் எண்டு கேட்டவரோ?”

“ஓம். அறையிலை இருக்கிற ஏழு பேரின்ரை பேரும் சொன்னனான். ஆர் குறட்டை விடுறது எண்டும் சொன்னனான். நீ போ, பயப்பிடாதை. பிள்ளையை நான் பாக்கிறன்.”

உள்ளே வெள்ளைத் தாடியோடு ஒருவர் இருந்தார். அபியைத் தூங்கவைப்பதா, மீண்டும் தொழிற்சாலையா என்பது அந்தத் தாடிக்குள் இருந்தது. உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நீச்சல் என்று ஒரு பக்கம் பாடமாக்கியிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. பொய்யாயிற்றே, நீந்துவது பற்றித் துருவிக் கேட்டால் என்ன செய்வது, இதை இப்போதா யோசிப்பது என்று நினைக்க நினைக்கத் தொண்டையில் பழைய பூட்டு விழுந்தது. அவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன்.

அப்போது கதவுக்கு வெளியே அபியின் குரல் பிரெஞ்சில் அதட்டியது: உங்கள் பெயர் என்ன?

கட்டடமே கேட்கும்படி பதில் வந்தது: என் பெயர் மெர்சி, மேன்மை தங்கிய இன்ஸ்பெக்டர் அம்மா அவர்களே!

பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்தார். “அது யார்?” என்று கேட்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். இறந்தகாலம் எங்கோ ஓடிவிட்டதால் எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொன்னேன். தோல் ஜாக்கெற், போகிற பஸ்ஸுக்குச் சொல்லும் நன்றி, மெற்றோ வாசலில் தொப்பியைத் தொடும் பொலிஸ், கடற்கரைப் படத்தில் இருந்த முன்பின் தெரியாத குடும்பம். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். பிழைகள் விழுவது என் காதுக்கே கேட்டது. நின்று பொறுக்கி எடுக்க நேரமில்லை. அவர் இடையில் கேள்விகள் கேட்டார், நான் பதில் சொன்னேன். கடைசியில் அவர்தான் போதும் என்று கை உயர்த்தவேண்டி இருந்தது.

இருவரும் தேறினோம், அண்ணைக்கு என்னிலும் நல்ல பெறுபேறு. கந்தோர் வேலை கிடைத்தது. மாலைகளில் அபிக்கு நானே சோறு தீத்தி, நானே நித்திரையாக்கினேன். அவள் மூன்று மொழியிலும் வாய் ஓயாமல் வளர்ந்தாள். மெர்சி அண்ணை சான்றிதழைப் படச்சட்டத்துக்குள் போட்டுப் பெற்றோல் ஷெட்டில் மாட்டிவைத்து, பெற்றோல் அடிக்க வந்தவர்களை எல்லாம் அதைப் பார்க்கவைத்தார்.

ஆனால் எனக்கு அந்த அறையில் கடைசியாக நடந்ததுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நான் எழுந்து கதவருகே போனபோது பரீட்சகர், “அவர் உங்கள் சகோதரரா?” என்று கேட்டார். இல்லை, வகுப்பில் கூடப் படிப்பவர் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியும். சகோதரர் போன்றவர் என்று சொல்லவும் தெரியும். வழக்கம்போல எது சரி என்று உள்ளே திருத்திப் பார்க்கப் போகாமல், “வீ, மிஸ்யூ. ஸே மொன் ஃப்ரேர்” என்றேன். ஆம் ஐயா, என் அண்ணை.

அன்று நான் பேசியவற்றுள் பிழையே இல்லாத வசனம் அது ஒன்றுதான்.